மீட்டத் தெரியாத கைகள்

யாழின் பெயரால் வழங்கும் நாட்டிலே யாழ் இல்லை. கண்ணொளி இழந்த பாணன் ஒருவன் மன்னன் முன்னிலையில் யாழ் மீட்டிப் பரிசிலாகப் பெற்ற மணல் நிலமே பின்னர் யாழ்ப்பாணம் ஆயிற்று என்பது நம் முன்னோர் சொல்லிவந்த மரபுக் கதை. கதை நிலைத்தது, ஊர் நிலைத்தது, கருவியோ மறைந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் ஒருகாலத்தில் அதிபராக விளங்கியவரும், விஞ்ஞானத்தையும் பழந்தமிழையும் ஒருங்கே கற்றவருமாகிய விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்ட பின்னரே, அக்கருவியின் வடிவினையும் நரம்புகளின் சுருதி முறையினையும் நாம் ஓரளவு தெளிவாக உணர்ந்தோம்.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு அறிஞர் பல காரணங் கூறுவர். அவற்றுள் ஒன்று என் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கின்றது. யாழிலே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு வேண்டும். இசை வளர்ந்து புதிய நுட்பங்களைக் கேட்டபோது அதன் அமைப்பு இடங்கொடுக்கவில்லை. வீணையோ காலந்தோறும் தன்னை மாற்றிக்கொண்டது. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுக்கள் நிலையாக அமையப் பெற்று இன்றைய உருவினை எய்தியது என்பர். மாற்றத்துக்கு இடங்கொடுத்த கருவி வாழ்ந்தது. கொடாத கருவி ஏட்டிலே மட்டும் எஞ்சிற்று.

இவ்வெண்ணம் எனக்கு முன்னரே இருந்தும், அதனை உரிய வேளையில் நான் நினைவு கூர்ந்தேனில்லை. என்னிடம் பண்டித வகுப்பிற் பயின்ற இளைஞர் ஒருவர் வட்டுக்கோட்டையிலே வசிக்கின்றார். ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றபோது, விறாந்தையிலே மின் கிற்றார் ஒன்றனைக் குப்புறக் கிடத்தி, பின்னர் புரட்டி, அதன் முகத் தகட்டைக் கழற்றி, உள்ளிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய நல்ல கருவி அது. நல்லதைக் குடைந்து கெடுப்பதேன் என்று கடிந்தேன். அவ்வளவில் நில்லாது, மின்சாரத்தினால் எழும் இரைச்சலை இசையென்று கொள்வது தகாது என்றும் சொல்லிவிட்டேன். அவர் மறுத்துரைக்கவில்லை. அக்கருவியை ஆக்கியவரும் தம் வாழ்நாள் முழுவதும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் மெல்லச் சொன்னார். அச்சொல் என்னை விடவில்லை. அந்த மனிதர் யார் என்று தேடிக் கற்றேன். கற்றதனை இங்கே எழுதுகின்றேன்.

அவர் பெயர் கிளாறன்ஸ் லியோனிடாஸ் பெண்டர். உலகம் அவரை லியோ பெண்டர் என்று அறியும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம், புல்லேட்டன் என்னும் ஊர்களுக்கு அணித்தாகத் தோடந் தோட்டம் வைத்திருந்த எளிய உழவர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 10ஆந் திகதி பிறந்தார். எட்டாம் வயதில் இடக்கண்ணிலே கட்டி தோன்றிற்று. கண்ணை அகற்றிக் கண்ணாடிக் கண் பொருத்தினர். எஞ்சிய ஒரு கண்ணே பின்னாளில் மயிரினும் மெல்லிய கம்பிகளைப் பல்லாயிரஞ் சுற்றாகச் சுற்றிய கைகளுக்கு வழிகாட்டிற்று.

மோட்டார் வண்டிகளின் மின்வேலை செய்யும் கடையொன்று வைத்திருந்தார் அவருடைய மாமனார் ஒருவர். அவர் கழித்த வானொலி உறுப்புக்களைப் பெட்டியில் இட்டுச் சிறுவனுக்கு அனுப்பினார். அக்கடைக்குச் சென்றபோது, மாமனார் தம் கையாற் செய்த வானொலி ஒலிபெருக்கியினின்று எழுந்த பேரொலி சிறுவனை ஆட்கொண்டது. அன்று தொடங்கிய மோகம் இறுதி மூச்சுவரை தணியவில்லை. பியானோவும் சக்சபோனும் சிறிது பழகினார். கிற்றாரை மீட்ட மட்டும் அவர் என்றும் கற்றாரில்லை. அதன் தந்திகளைச் சுருதி கூட்டவும் அறியார். உலகின் கிற்றார் வரலாற்றை மாற்றிய மனிதருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியதேயாம்.

கல்லூரியிலே அவர் பயின்றது மின்னியலன்று, கணக்கியல். மின்னறிவு முழுவதும் தாமே தேடிப் பெற்றது. பனிக்கட்டி நிறுவனத்திலும், பின்னர் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்திலும், வேறோர் இடத்திலும் கணக்கராக இருந்தார். 1934இல் எஸ்தர் என்னும் நங்கையை மணந்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது, வேலை போயிற்று, கிடைத்த மறுவேலையும் சில மாதங்களிற் போயிற்று. 1938இல் 600 டொலர் கடன் வாங்கிப் புல்லேட்டனில் வானொலி திருத்தும் கடையொன்று திறந்தார். வேலையிழந்த கணக்கர் ஒருவரின் பிழைப்பு முயற்சியாகவே அக்கடை தொடங்கிற்று என்பதை நம் மாணவர் கருத்தில் இருத்துவது நன்று.

கடைக்கு இசைக்குழுவினர் பலர் வந்தனர். அவர்களுடைய முறைப்பாடு ஒன்றே. கிற்றாரின் இயற்கை ஒலி மெலிது. ஊதுகருவிகளும் முரசுகளும் முழங்கும் அரங்கில் அது கேளாது. அதனை மின்னால் உயர்த்தும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. ஜோர்ஜ் பீச்சம் என்பாரும் அடோல்ப் றிக்கன்பக்கர் என்பாரும் 1930களின் தொடக்கத்திலேயே மின் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் உயிர்நிலை தந்தியின் கீழ் வைக்கப்படும் சிறு உறுப்பு. அதனை இளைஞர் பிக்கப் என்பர்; நாம் ஒலியேற்பி எனலாம்.

அதன் தத்துவம் எளியது. 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அது. காந்தத் துண்டுகளைச் சுற்றிக் காவலிட்ட மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரஞ் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசையும். அவ்வசைவு சுருளிலே நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டும். அம்மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பன்மடங்காக்கும். விலங்கின் குடலால் முறுக்கிய பழைய நரம்பை இங்கே கட்டினால் ஓசையே எழாது. இரும்பின் இனமாகிய தந்தியே காந்தத்தோடு பேசும். ஆகவே இங்கே ஒலியைப் பிறப்பிப்பது மின்சாரமன்று. விரல் தொட்ட தந்தியே. மின்சாரம் அதனைச் சுமந்து செல்கின்றது. இரைச்சல் என்று நான் இகழ்ந்தது எத்துணைப் பிழை என்பதை இவ்விடத்திலே முதன்முதல் உணர்ந்தேன்.

உள்ளீடற்ற கிற்றாரில் இவ்வுறுப்பைப் பொருத்தியபோது வேறோர் இடர் தோன்றிற்று. ஒலிபெருக்கியின் ஓசை கிற்றாரின் வயிற்றிற் புகுந்து அதனை அதிர்விக்க, அவ்வதிர்வு மீண்டும் பெருக, ஊளை எழுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெண்டரும் அவருடைய நண்பர் டொக் கௌவ்மனும் புதிய ஒலியேற்பி ஒன்றனைச் சோதிக்கும் பொருட்டுத் திண்ணிய மரத்துண்டிலே தந்தி கட்டினர். அது சோதனைப் பொருளேயன்றி விற்பனைப் பொருளன்று. ஆயினும் அயலிலுள்ள இசைஞர் அதனை இரவல் கேட்டு வந்தனர். ஊளையில்லாத தெளிந்த ஒலி அவர்களைக் கவர்ந்தது. இருவரும் சிறிது காலம் கூட்டாகத் தொழில் நடத்தினர். 1946இல் கௌவ்மன் விலகிக்கொண்டார். பெண்டர் தனியே தொடர்ந்தார்.

1950இல் அவருடைய திண்ணுடற் கிற்றார் சந்தைக்கு வந்தது. திண்ணுடல் என்னும் எண்ணம் அவர் ஒருவருக்கே உரியதன்று. வேறு பலரும் அதனை முயன்றனர். ஆயினும் பெருந்தொகையாக ஆக்கி எளியோர் கைக்கும் எட்டச் செய்தவர் அவரே. முதலில் அதற்கிட்ட பெயர், கிறெட்ஷ் நிறுவனத்தாரின் முரசு வகையொன்றின் பெயரோடு ஒத்திருந்தமையால் கைவிடப்பட்டது. 1951இல் ரெலிகாஸ்ரர் என்னும் பெயர் நிலைத்தது. அதே ஆண்டில் மெட்டுக்களோடு கூடிய மின் பாஸ் கிற்றாரையும் ஆக்கினார். ஆளுயரத் தாழ்சுரக் கருவியைச் சுமந்து திரிந்தோர் அதனால் விடுதலை பெற்றனர்.

இக்கருவிகளின் அமைப்பிலே நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. மரபுவழிக் கைவினைஞர் கிற்றாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவர். பெண்டரோ திருகாணி கொண்டு பூட்டினார். கழுத்துப் பழுதானால் கழற்றி வேறொன்று பூட்டலாம். ஒலியேற்பியும் கம்பிகளும் குமிழ்களும் தகட்டின் கீழ் இருக்கும். திருகாணிகளைக் கழற்றினால் உள்ளமைப்பு முழுவதும் வெளிப்படும். பல்லாண்டு வானொலி திருத்தியவர் ஆகையால், எப்பொருளும் ஒருநாள் பழுதாகும் என்பதையும், அன்று யாரோ ஒருவர் அதனைத் திறக்க வேண்டிவரும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். தம் கருவி முடிந்த முடிபு என்று அவர் எண்ணவில்லை.

1954இல் ஸ்ராற்றோகாஸ்ரர் பிறந்தது. பிறெடி தவாறெஸ் என்னும் இசைஞர் அதன் வடிவமைப்பில் உடனுழைத்தார். பில் கார்சன் போன்ற கிற்றார்க் கலைஞர் தத்தம் குறைகளைச் சொன்னார்கள்: உடலின் விளிம்பு விலாவிலே குத்துகின்றது, ஒலியில் வேறுபாடு போதாது. பெண்டர் கேட்டார், செதுக்கினார், மீண்டும் அவர்கள் கையிற் கொடுத்தார். மீட்டத் தெரியாமையே அவருக்கு ஒருவகை நன்மையாயிற்று. தம் செவியையே அளவுகோலாகக் கொள்ளும் செருக்குக்கு அவரிடம் இடமில்லை; மீட்டுவோர் சொல்லே அவருக்குப் பிரமாணம்.

அக்கருவியில் ஒலியேற்பிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஆறு காந்தங்கள். ஏறத்தாழ 8,000 சுற்றுக் கம்பி. தந்தியின் அடியில் உள்ளது கூரிய ஒலி தரும். கழுத்தருகே உள்ளது குழைந்த ஒலி தரும். குறைகளும் இருந்தன. மூன்று நிலை கொண்ட ஆளி ஒரு நேரத்தில் ஓர் ஒலியேற்பியையே இயக்கும். இசைஞர் அவ்வாளியை இரு நிலைகளுக்கும் இடையிலே சிக்கவைத்து, இரு சுருள்களும் சேர்ந்தொலிக்கும் புதிய நாதத்தைக் கண்டனர். ஆக்கியோன் கருதாத பயன் அது. 1977இல் ஐந்து நிலை ஆளி அக்கருவியில் அமைக்கப்பட்டது. அடியிலுள்ள ஒலியேற்பிக்கோ தொனியை அடக்கும் குமிழே இருக்கவில்லை; பிற்காலத்தில் அதனையும் பலர் தாமே இணைத்துக்கொண்டனர்.

மிகப் பெரிய குறை முனகல். ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றிலும் உள்ள மின்விளக்கு, நிலைமாற்றி முதலியவற்றின் ஆடலோட்டப் புலத்தையும் ஏற்கும். மீட்டாது நிறுத்தினாலும் முனகல் நிற்காது. இரு சுருள்களை எதிரெதிராக அமைத்தால், புறத்து முனகல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடும். கிப்சன் நிறுவனத்திலே சேத் லவர் இம்முறையை 1955இல் வகுத்தார். பெண்டரும் 1957இல் தம் பாஸ் கிற்றாரின் ஒலியேற்பியை இரு பாதியாகப் பிரித்து அமைத்து முனகலை நீக்கினார். தாம் விற்றுப் பெயர்பெற்ற பொருளையே குறையுடையதென்று கண்டு மாற்றியமைக்க அவர் கூசவில்லை.

புகழ் ஓங்கிய காலத்திலே உடல் தளர்ந்தது. நெடுநாளாகத் தொடர்ந்த தொற்றுநோய் அவரை வருத்திற்று. இனி நெடுங்காலம் உழைக்க இயலாது என்று எண்ணி, 1965ஆம் ஆண்டு சனவரியில் தம் நிறுவனத்தைச் சி. பி. எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். பின்னர் வேறு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையால் நோய் தீர்ந்தது. உடல்நலம் மீண்டது, நிறுவனம் மீளவில்லை. அதனோடு அவர் பெயரும் போயிற்று. பெண்டர் என்ற பெயரைக் கிற்றாரில் பொறிக்கும் உரிமை பெண்டருக்கு இல்லை. தான் எழுதிய நூலிலே தன் பெயரை இட இயலாத புலவனின் நிலையை எண்ணிப் பார்ப்போர் இத்துயரை உணர்வர்.

பெருஞ்செல்வத்தோடு ஓய்ந்திருக்க அவரால் இயலும். ஆனால் அவர் மீண்டும் பட்டறைக்கே சென்றார். 1975இல் மியூசிக் மான் என்னும் நிறுவனத்துக்குத் தலைவரானார். அங்கே 1976இல் வெளிவந்த பாஸ் கிற்றாரின் உள்ளேயே மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கி வைக்கப்பட்டது. 1979இல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அத்துயரின் அண்மையிலேயே பழைய தோழர் ஜோர்ஜ் புல்லேட்டனோடு சேர்ந்து ஜி அன்ட் எல் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் பிலிஸ் என்பாரை மறுமணஞ் செய்தார். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி உயர்த்தித் தாழ்த்தத்தக்க முனைகளையுடைய புதிய ஒலியேற்பிகளை இக்காலத்திலே ஆக்கினார். 1950களின் பழைய கருவிகளைப் பிறர் பொன்போற் போற்றிச் சேர்த்துக்கொண்டிருந்த அந்நாளில், அவற்றை ஆக்கியவரோ தம் புதியனவே பழையனவற்றினும் சிறந்தன என்னும் கருத்தினராய் உழைத்தார்.

பின்னர் நடுக்கவாதம் பற்றியது. கை நடுங்கியபோதும் பட்டறைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆந் திகதி, 81ஆம் வயதில் காலமானார். அதற்கு முதல்நாளும் அவர் வேலைக்குச் சென்றிருந்தார் என்பர். அவருடைய வேலைமேசை அவர் விட்டுச்சென்றவாறே பேணப்பட்டு வந்தது. மறு ஆண்டில் றொக் இசையாளரின் புகழ்மன்றம் அவரைத் தன் வரிசையிற் சேர்த்தது.

இனி வட்டுக்கோட்டைக்கு மீள்வோம். என் மாணவர் அன்று செய்த வேலை யாது? மலிந்த ஒலியேற்பிகளைக் கழற்றி நல்லனவற்றை இட்டார். இவ்வாறு மாற்றுதற்கென்றே ஒலியேற்பிகளைத் தனியே ஆக்கி விற்கும் தொழில் 1970களில் அமெரிக்காவில் வளர்ந்தது. டிமார்சியோ, சீமோர் டங்கன் என்னும் பெயர்கள் அதனாற் புகழ்பெற்றன. சுற்றுக்கள் கூடினால் ஒலி வலுக்கும். ஆனால் கூர்மை குன்றும். காந்தம் மிக வலிதாய்த் தந்திக்கு மிக அணித்தாய் இருந்தால், அது தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். ஆதலின் எதனைப் பெறுவோம், எதனை இழப்போம் என்று ஆராய்ந்தே தெரிதல் வேண்டும்.

குமிழ்களின் கீழுள்ள மாறுந் தடையிகளையும் மாற்றினார். ஒற்றைச் சுருளுக்கு 250,000 ஓமும் இரட்டைச் சுருளுக்கு 500,000 ஓமும் பொதுவாகக் கொள்வர். தடை குறையின் மேற்சுரங்களின் ஒளி வடிந்துவிடும். தொனிக் குமிழோடு இணைந்த கொள்ளளவி அம்மேற்சுரங்களை நிலத்தொடுப்புக்கு அனுப்பி ஒலியை மென்மையாக்கும். மரத்திற் குடைந்த குழியின் உட்புறம் முழுவதும் மெல்லிய செப்புத் தாள் ஒட்டி, அதனையும் நிலத்தொடுப்போடு இணைத்தார். புறத்து இரைச்சலில் ஒரு பகுதியை அது தடுக்கும். காந்தப் புலத்தால் வரும் முனகலைத் தாளால் தடுக்க இயலாது. அதற்கு இரட்டைச் சுருளே மருந்து. பழைய பற்றாசை நீக்கி, ஒவ்வோர் இணைப்பையும் புதிதாகப் பற்றவைத்தார். உடலும் கழுத்தும் தந்தியும் அவ்வாறே இருந்தன.

பண்டிதர் உள்ளம் மாற்றத்தைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. நாம் நூல்களோடு வாழ்பவர். வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளை ஒப்பு நோக்கித் தொல்காப்பியவுரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, நூலாசிரியன் எழுதியது யாதென்று காண முயன்றாரேயன்றி, அதனைத் திருத்தி அழகுசெய்ய முயலவில்லை. அது பதிப்பாசிரியன் அறம். ஒரு சொல்லை நம் விருப்பப்படி மாற்றினால் நூல் அழியும். அந்த அறத்தையே கருவிக்கும் விதித்ததுதான் என் பிழை. நூல் மாறாது நிற்பதால் வாழ்கின்றது. கருவி, தன்னைக் கையாளுவோன் தேவைக்கு இசைந்து மாறுவதால் வாழ்கின்றது. இவ்வேறுபாட்டைக் கலிபோர்னியாவில் இருந்த ஒற்றைக்கண் வானொலித் திருத்துநர் ஒருவர் நூல் எழுதாமலே எனக்குக் கற்பித்தார்.

சில கிழமைகளின் பின் அவ்விளைஞர் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். கருவி மூடப்பட்டிருந்தது. அதனை ஒலிபெருக்கியோடு இணைத்துத் தேவாரப் பண்ணொன்றை மெல்ல மீட்டினார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வருவித்தார். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே அவர் விரல் ஓய்ந்தபோது முனகல் இல்லை; முற்றத்து வேப்பமரத்தில் இலை அசையும் ஓசை கேட்டது. முன்னர் நான் சொன்ன கடுஞ்சொல்லுக்கு வருந்துவதாக அவரிடம் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டு, நடு ஒலியேற்பியை இன்னும் சிறிது தாழ்த்த வேண்டும் என்று சொல்லித் திருகாணிக்கோலைத் தேடினார்.